இடது சப்பாத்தின் வெளிவரிசை

1. விரல்

வேலையின் முதல் நாள் டெரிக் என் கையில் ஒரு உதைபந்தாட்டச் சப்பாத்தைத் தந்து, அடிப்பக்கத்தை விரலால் தடவச் சொன்னார். தடவினேன். விரல் வெட்டுப்பட்டு இரத்தம் வந்தது.

"கண்ணாலை பார்த்தாத் தெரியாது, டோனி. விரலாலைதான் தெரியும்," என்றார். "இப்ப வெட்டினது உன்ரை விரலை. சனிக்கிழமை ஆட்டத்திலை வெட்டியிருந்தா இன்னொருத்தன்ரை கெண்டைக்கால்."

அவர் சொன்னது இங்கிலீசில். இந்தக் குறிப்பில் வருகிறவர்கள் பேசியதை எல்லாம் என் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் நிற்கிறது.

என் பெயர் அந்தோனி, இங்கே டோனி. ஊர் மன்னார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தென்கிழக்கு லண்டனில் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்தில் கிட்மேன் வேலை செய்கிறேன். ஆட்டக்காரரின் உடுப்புத் தோய்ப்பது, காயப்போடுவது, ஆளாளுக்குக் கொழுவியில் மாட்டுவது, சப்பாத்துத் துடைப்பது எல்லாம் கிட்மேனின் பொறுப்பு. நான் சேர்ந்தபோது டெரிக் பெரிய கிட்மேன், நான் அவருக்கு உதவி.

வேலையை எடுத்துத் தந்தவர் கழகத்தின் கன்டீனில் சமைக்கிற றஞ்சி அக்கா. எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. அதை நான் சொன்னபோது அவ சிரித்தா.

"அதுதானடா தம்பி அங்கை வேணும். உடுப்பு மாத்திற அறையிலை நூறு கதை விழும். ஒண்டும் வெளியிலை போகக் கூடாது. உன்னைப் போலை வாயில்லாப் பூச்சி அவங்களுக்கு எங்கை கிடைக்கும்?"

அது எனக்குப் பெருமையாக இருந்தது. வாய் திறக்காமல் இருப்பதும் ஒரு தகுதி என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சப்பாத்து விஷயத்தில் டெரிக்குக்கு ஒரு சட்டம் இருந்தது. புல் ஈரமான மாதங்களில் சப்பாத்தின் அடியில் ஆறு உலோக ஸ்டட் பூட்டுவோம். ஒவ்வொன்றும் திருகிக் கழற்றுகிற குமிழ். வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று. எங்கள் அறையிலிருந்து மைதானத்துக்கு நாற்பது அடி கொங்கிறீட் பாதை. அதில் நடந்து நடந்துதான் ஸ்டட் தேயும். புல்லில் தேயாது.

"இரண்டு சப்பாத்தும் ஒரேமாதிரித் தேயவேணும்," என்றார் டெரிக். "ஒண்டு தேய்ஞ்சு மற்றது புதுசாக் கிடந்தா, அந்த ஆள் ஒரு காலை ஊண்டாமல் நடக்கிறான் எண்டு அர்த்தம். அவன் வாயாலை சொல்லமாட்டான். நீ எனக்குச் சொல்லு. நான் ஹெலனுக்குச் சொல்லுவன்."

ஹெலன் கழகத்தின் பிசியோ. யார் விளையாடலாம், யார் ஏலாது என்று மனேஜருக்குச் சொல்வது அவர்தான்.

2. ஆர்பென்

ஆர்பென் வந்தது நான் சேர்ந்த மூன்றாவது வருடம். அல்பேனியாக்காரன், ஸ்ட்ரைக்கர், இருபத்தொன்பது வயது. பதினேழு வயதில் வீட்டை விட்டு வெளிக்கிட்டவன். கிரேக்கத்தில் விளையாடினான், பிறகு தெற்கு இத்தாலி, பிறகு சைப்பிரஸ், பிறகு எங்களிடம். எங்கும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஒரு கழகம் எடுக்கும், அடுத்ததுக்கு லோனில் இரவலாக அனுப்பிவிடும்.

"நான் சைக்கிள், டோனி," என்பான். "எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் குடுப்பாங்கள். திருப்பி வேணும் எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை."

அவனுக்கும் எனக்கும் இங்கிலீஸ் அரைகுறை. தலையாட்டியே பாதியைச் சமாளிப்போம். அவன் ஓம், சரி என்பதற்குத் தலையை இடம் வலமாக ஆட்டுவான், நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். டெரிக் தலையில் கையை வைப்பார்: "உங்கள் இரண்டு பேரிட்டையும் ஒரு தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டு ஒரு மறுமொழி எடுக்க ஏலாது."

ஒருநாள் குனிந்து சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் கிடந்த அந்தோனியார் பதக்கம் வெளியே வந்துவிட்டது. ஆர்பென் அதைக் கண்டு பக்கத்தில் வந்து குந்தினான். அவனுடைய ஊருக்குக் கிட்டவும் மலைமேல் ஒரு அந்தோனியார் கோயில் இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமைகளில் அவனுடைய அம்மா நடந்து ஏறுவாவாம்.

"செவ்வாயோ?" என்றேன். எங்கள் ஆட்களும் அந்தோனியாருக்குச் செவ்வாய்தான்.

"செவ்வாய்! மெழுகுதிரி!" என்று என் தோளில் அடித்தான். இந்த நாட்டில் என் வயதில் ஒருவன் சொந்தமாக ஒரு ஆளைச் சம்பாதிப்பது லேசில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு ஆள் கிடைத்தான்.

அந்த வருடம் மழைக்காலம் முழுக்க கோல் போட்டான். அவனுடைய நாட்டு அணிக்கு ஆள் தெரிவு செய்கிறவர் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்று செய்தி வந்தது. பன்னிரண்டு வருடம் வெளிநாடுகளில் விளையாடியும் தன் நாட்டு ஜேர்சியை அவன் ஒருநாளும் போட்டதில்லை.

3. வியாழக்கிழமை

அந்தச் சனிக்கிழமைக்கு முதல் வியாழன் பின்னேரம் அவனுடைய சப்பாத்தை எடுத்து விரல் வைத்தேன். முந்திய சனிக்குப் பிறகு அவன் போடத் தொடங்கிய புதுச் சோடி அது. வலது சப்பாத்தின் ஆறு ஸ்டட்டும் தேய்ந்து மட்டமாகிக் கிடந்தன. இடதில் ஆறும் கிட்டத்தட்டப் புதிது. உள்ளே கிடந்த மென்தகட்டைத் தூக்கிப் பார்த்தேன். வலதில் குதிக்கால் பதிந்த பள்ளம் இருந்தது, இடதில் இல்லை.

நிமிர்ந்தபோது வாசலில் ஆர்பென் நின்றான்.

"டெரிக்குக்குச் சொல்லாதை."

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"ஐஞ்சு கிழமை, ஒரு மாதத்துக்கு மேலை. முழங்கால். மெதுவாப் போனாத்தான் நோகுது, இந்தக் கிழமைதான் கூடினது. ஓடேக்கை தெரியாது. ஹெலனுக்கு நான் சிரிச்சுக் காட்டுவன்."

"டெரிக் சனிக்கிழமை காலமை எல்லாற்றை சப்பாத்தையும் பிரட்டிப் பார்ப்பார்."

"சனிக்கிழமை மட்டும், டோனி. அந்த ஆள் ஒருக்காத்தான் வருவார். பிறகு நானே ஹெலனிட்டைப் போறன்." என் கழுத்துப் பதக்கத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தான். "அந்தோனியார் மேலை சத்தியம் பண்ணு."

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவனுடைய கை என் நெஞ்சில் இருந்தது. வேறு யாரின் பேரைச் சொல்லியிருந்தாலும் மழுப்பியிருப்பேன். தலையை ஆட்டினேன். அவனுக்கு விளங்கியது.

அவன் கேட்டது வாயை மூடிக்கொள் என்று மட்டும்தான். மிச்சத்தை நானே செய்தேன்.

புது ஸ்டட் பெட்டி டெரிக்கின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. அதனால் ஸ்டட் சாவியை எடுத்து, வலதின் தேய்ந்த மூன்றைக் கழற்றி இடதுக்குப் பூட்டினேன். இடதின் புது மூன்றை வலதுக்குப் பூட்டினேன். பெரும்பாலான ஆட்களுக்கு வெளிப்பக்கம்தான் கூடத் தேயும். ஆகவே இரண்டு சப்பாத்திலும் தேய்ந்தவை வெளிவரிசையில், புதியவை உள்வரிசையில் வரும்படி வைத்தேன். பார்க்கிறவருக்குச் சுகமாக நடக்கிற ஒருவனின் சப்பாத்து.

சனி காலை டெரிக் அவற்றைப் பிரட்டினார், விரலால் தடவினார், வைத்துவிட்டு அடுத்த சோடியை எடுத்தார். நான் மூச்சு விட்டேன். என் கைவேலை சுத்தமாக இருந்ததில் உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

4. சனிக்கிழமை

இடைவேளைக்குக் கொஞ்சம் முதல். வலது ஓரத்திலிருந்து பந்து வந்தது. ஆர்பென் இடது காலை ஊன்றி, வலது காலால் அடிக்கத் திரும்பினான். அவனுக்குக் கிட்ட எதிரணி ஆள் ஒருவரும் இல்லை. உடம்பு திரும்பியது, இடது பாதம் திரும்பவில்லை. புல்லுக்குள் குத்தியபடி நின்றது. பந்து அவனைக் கடந்து போனது. அவன் விழுந்தான்.

ஒருவரும் தொடாமல் விழுந்ததால் சனம் சிரித்தது. "எழும்படா! நடிக்க வேறை இடம் பார்!" என்று எங்கள் பக்கத்து ஆட்களே கத்தினார்கள். அவன் புல்லை வாயால் கடித்துக்கொண்டு கிடந்ததை நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். பிறகு அவன் கத்தினான். சிரிப்பு நின்றது.

ஹெலன் ஓடிப்போய் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை வெட்டினார். ஸ்ட்ரெச்சர் வந்தது. மேலே இருக்கையில் அந்தத் தெரிவாளர் எழுந்து நின்றார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் திரும்ப உட்கார்ந்தார்.

சப்பாத்து எங்கள் அறைக்கு வந்தது. டெரிக் இடது சப்பாத்தைப் பிரட்டி விரல் வைத்தார். இம்முறை நிதானமாக, ஒவ்வொரு ஸ்டட்டாக. வெளிவரிசை தாழ்வு, உள்வரிசை உயரம். ஊன்றினால் பாதம் வெளிப்பக்கம் சரியும். பிறகு வலதை எடுத்தார். வலதிலும் அதே அளவில் அதே சாய்வு.

"இரண்டும் இவ்வளவு ஒத்துப்போக ஒருநாளும் நான் காணேல்லை. ஆர் மாத்தினது?"

"நான்."

"ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உன்ரை சத்தியத்துக்கு அவன்ரை காலோ, டோனி?"



டெரிக் என்னை ஹெலனிடம் கூட்டிக்கொண்டு போனார். ஹெலன் சப்பாத்தைக் கனநேரம் பார்த்தார். "முழங்கால் முதலே பாதி கிழிஞ்சிருந்திருக்கும். இண்டைக்கு இல்லாட்டி வாற கிழமை போயிருக்கும். இந்தச் சாய்வாலைதான் போனதோ எண்டு கேட்டா, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒருத்தராலும் சொல்ல ஏலாது," என்றார். பிறகு சொன்னார்: "ஆனா வியாழக்கிழமை எனக்குத் தெரிஞ்சிருந்தா, சனிக்கிழமை அவன் விளையாடாமல் கதிரையிலை இருந்திருப்பான். அது மட்டும் நிச்சயம்."

கழகம் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தது. வேலை போகவில்லை. போயிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

5. செவ்வாய்க்கிழமைகள்

ஒப்பரேஷன் முடிந்து ஆர்பெனைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போனேன். டெரிக் சொல்லி அனுப்பியிருந்தார்: "ஹெலனுக்கு நீ சொன்னது காணாது. அவனுக்கு நீயே சொல்லவேணும்." வழியில் பஸ்ஸில் சொற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போனேன்.

ஆர்பென் என் கையைப் பிடித்தான். "நீ சத்தியத்தைக் காப்பாத்தினனி. அம்மாட்டைச் சொன்னனான். இனிச் செவ்வாய்க்கிழமையிலை உனக்கும் ஒரு மெழுகுதிரி."

அடுக்கிய சொற்கள் எல்லாம் போய்விட்டன. ஒரு தோடம்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கோடையில் கொன்ட்ராக்ட் முடிந்தது. கழகம் புதுப்பிக்கவில்லை. இரண்டாவது ஒப்பரேஷனும் சரிவரவில்லை. முழங்கால் முழுதாக மடியாது என்று ஆகிவிட்டது. ஊன்றுகோலோடு ஊருக்குப் போனான். பிறகு எங்கும் விளையாடவில்லை.

செவ்வாய் தவறாமல் என் போனுக்கு ஒரு படம் வரும். மலைக்கோயில், மணல் தட்டு, அதில் இரண்டு மெழுகுதிரி. ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. ஒன்றரை வருடம் வந்தது.

றஞ்சி அக்கா ஒருநாள் கேட்டா. "என்னடா, படத்தைப் பார்த்துப் பார்த்து நாளுக்கு நாள் காயிறாய்?" சொன்னேன். அவ கரண்டியைக் கீழே வைத்தா. "வாயில்லாப் பூச்சி எண்டு உன்னைப் புகழ்ந்து வேலைக்கு எடுத்துத் தந்தது நான்தான். இப்ப நானே சொல்லுறன். போன் எடுத்து அவனோடை கதை."

எடுத்தேன். சத்தியத்தைப் பற்றி அல்ல, ஸ்டட் மாற்றியதைப் பற்றிச் சொன்னேன். அவன் கேட்டான்:

"எந்தக் கால்?"

"இரண்டிலையும். இடதிலை தேய்ஞ்சதைப் போட்டனான்."

"எத்தினை?"

"மூண்டு. வெளிவரிசை."

பின்னால் ஏதோ ஒரு ரேடியோ கேட்டது. பிறகு போன் நின்றது. அடுத்த செவ்வாய் படம் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

6. ஹெலனின் மேசை

டெரிக் ஓய்வெடுத்துவிட்டார். இப்போது பெரிய கிட்மேன் நான். புது ஸ்டட் பெட்டி இருக்கிற அலுமாரியை நான் பூட்டுவதில்லை; தேய்ந்ததை மாற்றி மாற்றிப் பூட்டி ஒருவரும் சமாளிக்கத் தேவையில்லை.

போன மாரிகாலத்தில் எங்கள் டிஃபெண்டர் ஒருவனின் சப்பாத்து அதேபோல வந்தது. இம்முறை தேயாதது வலது. நான் விரல் வைத்ததை அவன் கண்டுவிட்டான். பெரிய உருவம். கதவை மறித்து நின்றான்.

"டோனி, நீ ஒண்டும் காணேல்லை. சரியோ?"

எனக்கு இப்போதும் சட்டென்று வாய் வராது. சோடியை எடுத்துக்கொண்டு அவனுடைய கையின் கீழால் குனிந்து வெளியே வந்தேன். நேரே ஹெலனின் அறைக்குப் போய், மேசையில் இரண்டையும் அடிப்பக்கம் மேலே தெரிய வைத்தேன். ஹெலன் பார்த்தார். பிறகு யாருடைய சப்பாத்து என்று உள்ளே எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்தார். ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

அவன் எட்டுக் கிழமை விளையாடவில்லை. அந்த எட்டுக் கிழமையும் என்னைக் கண்டால் "பாம்பு" என்பான். அவனுடைய சிநேகிதர்களும் சொன்னார்கள். இப்போது சனிக்கிழமைகளில் ஓடுகிறான். என்னோடு இன்னும் கதைப்பதில்லை. பரவாயில்லை.

இந்த வேலைக்கு வருகிற நம் ஆட்களில் என்னைப் போலக் கூச்சக்காரர் பலர் இருப்பார்கள். பேசப் பழகுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கே அது வரவில்லை. அந்த வியாழக்கிழமையும் ஹெலனின் மேசை அதே இடத்தில்தான் இருந்தது. எங்கள் அறையிலிருந்து இருபது அடி. ஆகவே இதை மட்டும் செய்யுங்கள். சப்பாத்தை எடுத்துக்கொண்டு போய் அங்கே வையுங்கள். ஒன்றை மட்டும் வைத்தால் ஒன்றும் தெரியாது. இரண்டையும் வையுங்கள், பக்கத்தில் பக்கத்தில், அடிப்பக்கம் மேலே.