ஒன்பதாயிரத்து எண்ணூறு சுற்று

1. ஊரில் யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பெரியம்மாவின் மகனான அண்ணாவின் கார் இழுவை வண்டியில் ஏறி, நான் வேலை செய்த கராஜுக்கு வந்தது.
2. கொம்பியூட்டரைப் பொருத்திப் பார்த்தேன். எஞ்சின் ஒருமுறை நிமிடத்துக்கு 9800 சுற்றைத் தொட்டிருந்தது. அதற்கு விதித்த எல்லை 7500.
3. அந்த எண்ணை எழுத வேண்டாம் என்று கேட்டார்கள்.
4. திங்கட்கிழமை எழுதினேன்.

எழுதுவதற்கு இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. அதற்கு முந்திய சனியும் ஞாயிறும்தான் நீளமானவை.

கியர் மாற்றுவது பற்றி அண்ணாவுக்கு ஒரே கொள்கைதான் இருந்தது: லிமிற்றர் வெட்டும்வரை மிதி. லிமிற்றர் என்பது எஞ்சின் எல்லை மீறிச் சுற்றாமல் பெற்றோலை நிறுத்திவிடும் ஏற்பாடு. அது வெட்டும்போது கார் வேகம் எடுப்பதில்லை, விக்குகிறது. மோர்னிங்சைட் தெருவில் சிக்னலுக்குச் சிக்னல் விக்கிக்கொண்டு போவதை அண்ணா வீரம் என்று நினைத்தார். அந்த எஞ்சினின் பலம் ஏழாயிரத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு சரியும். அதற்குச் சற்று மேலே மாற்றினால் அடுத்த கியர் நல்ல இழுவையில் பிடித்துக்கொள்ளும். இதை ஒரு பிறந்தநாள் விழாவில் கடதாசித் தட்டில் கோடு போட்டு விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு அதே தட்டில் கேக்கை வைத்துச் சாப்பிட்டார்.

லிமிற்றரால் பெற்றோலை மட்டுமே நிறுத்த முடியும். மூன்றாம் கியரிலிருந்து நாலுக்குப் போக வேண்டிய கை, அவசரத்தில் இரண்டுக்குப் போனால், ஓடுகிற சில்லுகளே எஞ்சினைப் பிடித்துச் சுழற்றும். வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு வளையும். கார்க் கம்பனியின் வாரண்டி பழுதான பாகத்துக்கு உண்டு, பிழையான கைக்கு இல்லை. எது என்று கம்பனிக்கு அறிக்கை எழுத வேண்டியது நான்.

சனிக்கிழமை காலை அண்ணா கராஜுக்கு வந்தார்.

"லிமிற்றர் வேலை செய்யேல்லை எண்டு எழுது."

"அண்ணா, நாலுக்குப் போடுறதெண்டு ரெண்டுக்குப் போட்டிருக்கிறீங்கள்."

"எனக்குக் கியர் போடத் தெரியாதெண்டு சொல்லுறியோ?"

"நான் சொல்லேல்லை. கார் சொல்லுது."

குரலைத் தாழ்த்தினார். "ஊர்வலத்துக்குச் சனத்தை ஏத்திக்கொண்டு அவசரமாப் போகேக்கை நடந்தது. விளங்குதோ?"

அந்தக் காரில் இருக்கைகள் இரண்டு. ஒன்றில் அவர். இழுவை வண்டிக்காரர் தந்த சீட்டில், காரை ஏற்றிய இடம் நகரத்துக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊர் என்று இருந்தது. வீடுகள் கட்டி முடியாத, நேரான, அகலமான புதுத் தெரு. யுத்தத்தை நிறுத்தச் சொல்லும் ஊர்வலம் தெற்கே, நகரத்தின் நடுவில் நடந்துகொண்டிருந்தது. தெற்கே போராட வடக்கே போனவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

"ஸ்ரௌவ்விலிலை எந்தச் சனம் அண்ணா?"

"அங்கை ஊரிலை சனம் சாகுது. நீ இங்கை இருந்து ஆர்பிஎம் எண்ணிக்கொண்டிருக்கிறாய். ஒருநாளாவது றோட்டிலை வந்து நிண்டனியோ?"

நிற்கவில்லை. வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான், இன்னும் நிரந்தரமாக்கவில்லை. லீவு கேட்கப் பயந்தேன். ஊரில் சனம் சாவதும் நான் றோட்டில் நிற்காததும்தான் அவர் அன்று சொன்னவற்றில் உண்மை. அவற்றையும் தன் எஞ்சினுக்காகச் சொன்னார்.

என் நிலைமை இது. பொய் எழுதிப் பிடிபட்டால் வேலை போகும். உண்மையை எழுதினால் வீடு போகும். நானும் அம்மாவும் பெரியம்மா வீட்டின் நிலத்தடித் தளத்தில், பேஸ்மென்றில்தான் குடியிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா என்னை மேலே கூப்பிட்டார். தொலைக்காட்சியில் செய்தி. இறந்தவர்கள் தொகை என்று எதையோ வாசித்தார்கள். பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். நடிப்பில்லை. இரண்டு கிழமையாக அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"பார் பிள்ளை, செத்த சனத்தின்ரை கணக்கைக்கூடக் குறைச்சுச் சொல்லுறாங்கள். எண்ணுறதிலையும் களவு. உவங்களுக்கு வெக்கமில்லையே?"

மூக்கைத் துடைத்தார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"உன்ரை அண்ணன் எல்லாம் சொன்னவன். உந்தக் காரின்ரை நம்பரையும் கொஞ்சம் குறைச்சு எழுதிவிடன்."

அவர் சொன்னது அவர் காதிலேயே விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

"இரு பிள்ளை. தேத்தண்ணி ஊத்தட்டே?"

"வேண்டாம் பெரியம்மா. அது நம்பர். குறைக்கேலாது."

"ஒரு காருக்கு இவ்வளவு நீதி நியாயமோ!" என்றவர் சத்தத்தைத் திரும்பக் கூட்டினார்.

கீழே அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். மேலே பேசியது எல்லாம் பேஸ்மென்றில் கேட்கும்.

"என்ன செய்யப் போறாய்?"

"உள்ளதை எழுதப்போறன்."

அம்மா அலுமாரிக் கதவைச் சாத்தினார். "அப்ப இதுகளை அலுமாரிக்குள்ளை வைக்கேல்லை. பெட்டியிலையே அடுக்குறன்" என்றார்.

திங்கட்கிழமை காலை யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். பஸ்ஸில் இரண்டு தமிழ்ப் பெண்கள் அழுதார்கள். மற்றவர்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கராஜில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை. 9800 என்று எழுதினேன், கியர் தவறு என்று எழுதினேன். மேலாளர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வாரண்டி கிடைக்கவில்லை. ஓடாத எஞ்சினோடு கார் பெரியம்மா வீட்டுக் கராஜில் நிற்கிறது. அது ஊர்வலத்துக்குப் போய்ப் பழுதானது என்று அண்ணா இன்றும் சொல்கிறார், பலர் நம்புகிறார்கள். என் வேலை நிரந்தரமாகிவிட்டது. நானும் அம்மாவும் ஓர் அறையுள்ள அபார்ட்மென்றில் இருக்கிறோம். பெரியம்மா அம்மாவோடு போனில் கதைக்கிறார். என்னோடு கதைப்பதில்லை.