மைக்கின் மேல் வைத்த பை

இராயபுரம் சாலமோன் பிறந்த ஆண்டைப் பற்றிக் குடும்பத்தில் இரண்டு கருத்துகள் உண்டு. பள்ளிச் சான்றிதழ் அவரை ஓராண்டு இளையவராக்கும். ஞானஸ்நானச் சான்று உள்ளதை உள்ளபடி சொல்லும். எதை ஏற்றாலும் அவர் அறுபதைக் கடந்தவர் என்பதில் ஐயமில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கிரேன் கூண்டில் தனியாக அமர்ந்திருப்பவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது தெரியாது. கீழே நிற்கும் ஒருவன் கையடக்க வயர்லெஸ்ஸில் ‘இறக்கு, இன்னும் இறக்கு, நிறுத்து’ என்று சொல்லும் குரலை நம்பித்தான் அவ்வளவு இரும்பையும் இறக்க வேண்டும். அந்தக் குரல் வீண்பேச்சு பேசினால் சாலமோனுக்குக் கோபம் வரும். பேசாமல் நின்றுபோனாலோ உள்ளங்கை வியர்க்கும். அவருடைய குணம் முழுவதும் அந்தக் கூண்டில்தான் உருவானது என்பார் அவர் மனைவி சிலுவையம்மாள்.

வேலையிடத்தில் பற்றிய அந்த வயர்லெஸ் ஆசை வீட்டுக்கும் வந்தது. நாற்பது வயதுக்கு மேல், மிக்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த நண்பர் முபாஷிரும் அவரும் சேர்ந்து படித்து, அமெச்சூர் வானொலி உரிமத்துக்கான தேர்வை எழுதித் தேறினார்கள். உரிமத்துக்காக விசாரணைக்கு வந்த காவலர் மொட்டை மாடியில் நட்டிருந்த ஆன்டெனாவை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதில் கிரிக்கெட் தெரியுமா என்று மட்டும் கேட்டுப் போனாராம். அக்கம்பக்கத்தாருக்கு அந்தக் கம்பத்தால் வேறொரு பயன் கிடைத்தது. அதை இழுத்துக் கட்டிய கயிறுகளில் துணியும், பருவத்தில் நெத்திலியும் காய்ந்தன.

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்கள் காலை ஆறரை மணிக்கு ஓர் அலைவரிசையில் கூடுவார்கள். இதை ‘நெட்’ என்பார்கள். ஒருவர் வரிசையாகப் பெயர் சொல்லி அழைக்க, அழைக்கப்பட்டவர் தாம் இருப்பதையும், பிறர் குரல் எப்படிக் கேட்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லி விடைபெறுவார். அழைப்பவர் சாலமோன். பட்டியல் எண்ணூரில் தொடங்கும். அங்கே குப்பத்தில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் மனோகரன். அடுத்து திருவொற்றியூரில் தையற்கடை வைத்திருக்கும் ஜெயஸ்ரீ. அப்படியே டோல்கேட், காசிமேடு என்று தெற்கே இறங்கி, கடைசியில் இராயபுரம் முபாஷிரிடம் முடியும். பதினெட்டு வயதுக்காரரானாலும் ஆண் என்றால் ‘ஓ.எம்.’ தான், அதாவது பெரியவர். விடைபெறும் சொல் ‘செவன்டி த்ரீ’. வங்கி மேலாளருக்கும் இன்ஜின் மெக்கானிக்குக்கும் அங்கே ஒரே அளவு நேரம்.

அந்த நேரத்தைக் காத்தவர் சாலமோன். மனோகரன் தம் முறை வந்ததும் கடல் நிறம், கவலை மீன் வரத்து, மச்சானின் இன்ஜின் என்று விரித்துக்கொண்டே போவார். சாலமோன் நடுவே புகுந்து நறுக்கிவிடுவார். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் மலிவு விலை வயர்லெஸ் கருவிகளை வைத்துக்கொண்டு லாரி நிறுத்துபவர்கள் தவறி இந்த அலைவரிசைக்குள் வந்துவிட்டால், உரிமம் இல்லாமல் பேசலாகாது என்று முழுச் சட்டத்தையும் அவர்களுக்கு எடுத்துரைப்பார். எல்லாவற்றிலும் அவர் அதிகம் வெறுத்தது ஒன்று உண்டு. ‘சரி’ என்று சொல்லச் சோம்பல்பட்டு, சிலர் மைக்கின் பொத்தானை இருமுறை அழுத்தி விடுவார்கள். எல்லோருக்கும் ‘டிக், டிக்’ என்று கேட்கும். உடனே சாலமோனின் குரல் பாயும். “வாயி இன்னாத்துக்கு கீது? வாயத் தொறந்து சொல்லு.”

அந்தக் குரல் சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு கம்மத் தொடங்கியது. சளி என்று மிளகுப் பால் குடித்தார்; கோடை வந்தும் தெளியவில்லை. சிலுவையம்மாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தவர்கள், குரல் நாணில் கட்டி இருக்கிறது என்றார்கள். ஒரு வியாழக்கிழமை அதிலிருந்து சிறு சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு அடுத்த செவ்வாய்க்கிழமை. வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

தவறு நடந்தது அந்த வியாழக்கிழமை நண்பகலில். மைக் மாட்டும் ஆணி சில நாட்களாகவே ஆடிக்கொண்டிருந்ததால், காலையில் பேசி முடித்ததும் மைக்கை மேசைக்கு அருகில் இருந்த நாற்காலியில் வைத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் எக்ஸ்ரே, கோப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் அடைத்த பையை அதே நாற்காலியில் போட்டார். பை பொத்தானை அழுத்திக்கொண்டது. நெட் முடிந்தாலும் இவர்கள் யாரும் வானொலிப் பெட்டியை அணைப்பதில்லை. சாலமோன் வீட்டுக் கூடத்துப் பேச்சு அந்தக் கணம் முதல் எண்ணூர் வரை போயிற்று. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் அதற்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார்.

“உசுரு போனா போவுது சிலுவ,” என்றார். “கொரலு பூட்ச்சின்னா? தொண்டைல ஓட்ட போட்டு வுட்ருவாங்களாமே. காலைல எயுந்து நான் யார் பேர கூப்டுவேன்?”

சிலுவையம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“ஊரு பேரெல்லாம் கூப்ட்ட வாயி. என் பேர எத்தினி தபா கூப்ட்ட? கொரலு போனா போவட்டும். நான் பேசறேன், நீ குந்திகினு கேளு. ஒரு மாறுதலா இருக்கும்.”

சொல்லிவிட்டு அவரும் அழுதார், சாலமோனும் அழுதார்.

திருவொற்றியூரில் ஜெயஸ்ரீ தையல் இயந்திரத்தை நிறுத்தினார். எண்ணூரில் மனோகரன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். இப்படி ஒருவரின் மைக் திறந்து கிடந்தால் அந்தப் பெட்டி மூலம் அவரை எச்சரிக்க வழியில்லை. அது ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் வரை எதையும் கேட்காது. வழக்கமாக யாராவது தொலைபேசியில் அழைத்து, மைக் திறந்திருக்கிறது என்று கேலி செய்வார்கள். முபாஷிரும் தொலைபேசியை எடுத்தார். எடுத்தவர், சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டார். ஆன்டெனாவுக்குப் புது வயர் போட்டிருக்கிறேன், பெட்டியண்டை வந்து சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். சாலமோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே பையை நகர்த்தி மைக்கை எடுத்து, தெளிவாக இருக்கிறது என்றார். புது வயர் எதுவும் இல்லை.

இவர்களுக்கு ஒரு விதி உண்டு. தமக்கென்று அனுப்பப்படாத செய்தி காதில் விழுந்தால் அதை வெளியே சொல்லக் கூடாது. எதற்கும் பயன்படுத்தவும் கூடாது. ஜெயஸ்ரீ மனோகரனிடம் கேட்கவில்லை. மனோகரன் முபாஷிரிடம் சொல்லவில்லை. ஒருவரோடொருவர் கலந்து பேசவே இல்லை என்று எல்லோரும் இன்றுவரை சாதிக்கிறார்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை சாலமோன் கனைத்துக்கொண்டு மைக்கை எடுப்பதற்குள், எண்ணூரிலிருந்து குரல் வந்துவிட்டது. மனோகரன் தாம் இருப்பதைச் சொல்லி, கடலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் விடைபெற்றார். அழைக்காமலே ஜெயஸ்ரீ தொடர்ந்தார். டோல்கேட், காசிமேடு என்று வரிசை தானாகவே இறங்கி முபாஷிரிடம் முடிந்தது. சாலமோனுக்கு மிஞ்சியது ‘நன்றி’ என்ற ஒரு சொல். சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. ஞாயிறன்று, இனிமேல் இப்படியே வைத்துக்கொள்ளலாம், வேலை சீக்கிரம் முடிகிறது என்று ஜெயஸ்ரீ வேறு சொன்னார்.

சாலமோன் மைக்கைக் கீழே வைத்தார். தம் கரகரப்பு இவர்களுக்கு அலுத்துவிட்டது. நாகரிகமாக ஓரங்கட்டுகிறார்கள் என்று முடிவு செய்தார். குரல் போவதற்கு முன்பே இடம் போய்விட்டது. மனைவியிடம் சொன்னபோது, கேட்டவர் நல்லது என்றே சொன்னார். பேசாமல் தொண்டையை ஆறவிடும்படி கூறினார். சாலமோனுக்கு மனம் ஆறவில்லை. திங்கட்கிழமை முபாஷிரின் கடைக்கு நடந்தார்.

முபாஷிர் ஒரு மிக்சி ஜாரைக் கவிழ்த்து வைத்துப் பிளேடைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாலமோன் நின்றபடியே கேட்டார்.

“வேற ஆளு வெச்சிக்கினீங்களா? மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா நான் பாட்டுக்கு போயிகினே இருப்பேன்ல?”

“அத்தெல்லாம் ஒண்ணுமில்ல மாமு. குந்து.”

“அப்ப இன்னா? சொல்லு.”

“நான் சொல்லக் கூடாது.”

சாலமோனின் முகம் கறுத்தது. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் முபாஷிர் அவரிடம் மறைத்ததில்லை; மறைக்கத் தெரிந்தவரும் அல்லர். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“நாம ரெண்டு பேரும் பரீச்ச எய்தினோமே, நெனப்பு கீதா? நமக்குன்னு வராத பேச்சு காதுல வுயுந்தா இன்னா பண்ணணும்னு ஒரு கேள்வி வந்துச்சி. நீ இன்னா எய்தின?”

சாலமோன் பதிலைச் சொல்லவே வாயைத் திறந்தார். வியாழக்கிழமை, நாற்காலி, பை, புது வயர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் முன் நின்றன. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எல்லாருக்குமா கேட்டுச்சி?”

“பெட்டி ஆன்ல இருந்தவனுக்கெல்லாம்.”

“சிலுவ சொன்னதுமா?”

“அதுவுந்தான்.” முபாஷிர் மிக்சி ஜாரைப் பார்த்தபடி சொன்னார். “நாங்க வெளில சொல்லல மாமு. ஆனா யூஸ் பண்ணிக்கினோம். பாதி ரூலு ஒடைஞ்சி பூட்ச்சி. உன்கிட்ட திட்டு வாங்கணும்னுதான் இருந்தோம்.”

சாலமோன் திட்டவில்லை. வெட்கத்தில் காது மடல் சுட்டது உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை முதல் நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கிப் போனதும் உண்மை. மிகுந்த எடையை இறக்கிய பின் கிரேனின் கம்பி வடம் மெல்ல ஆடி நிற்குமே, அப்படி இருந்தது. முபாஷிர் வாங்கித் தந்த தேநீரைக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை மருத்துவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார். சிலுவையம்மாள் அப்போதே பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை, சத்தமாகப் பேசிப் பேசிக் குரல் நாண் தடித்ததால் வந்தது என்றார் மருத்துவர். ஆசிரியர்களுக்கும் ஏலம் விடுபவர்களுக்கும் வருமாம். இவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்.

“பேரு கூப்புடுற வேல,” என்று சிலுவையம்மாள் முந்திக்கொண்டார்.

ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது, முணுமுணுப்பதும் கூடாது என்பது உத்தரவு. திரும்பும் வழியில் காசிமேட்டில் இறங்கிச் சிலுவையம்மாள் வஞ்சிரம் வாங்கினார். பேரம் பேசாமல் வாங்கினார் என்பதைக் குடும்பத்தில் இன்றும் வியந்து சொல்கிறார்கள்.

புதன்கிழமை காலை ஆறரைக்குச் சற்று முன் சாலமோன் பெட்டியின் எதிரே அமர்ந்திருந்தார். எத்தனை பேர் அதே செய்திக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். விதி அவர்களைக் கேட்கவிடாது. மருத்துவர் உத்தரவு இவரைப் பேசவிடாது. உரிமம் இல்லாத மனைவியிடம் மைக்கைக் கொடுப்பது, சாத்தாங்காட்டு லாரிக்காரர்களுக்கு அவரே ஓதிய சட்டத்துக்கு விரோதம். அருகில் இருந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், கதவுக்குப் பின்னால் தொங்கிய மருத்துவமனைப் பையை எடுத்து வந்தார். மைக்கை நாற்காலியில் வைத்து, அதன்மேல் பையைப் பதமாக இறக்கினார். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்துத் தம் தொண்டையைத் தொட்டு, பையைச் சுட்டிக் காட்டினார்.

சிலுவையம்மாளுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. முன்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷனைப் பார்த்தே பேசினார். குரல் மட்டும் தெருக்கோடி வரை போயிற்று.

“கேட்டுக்கினியா? சாதா கட்டிதான்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஒண்ணும் இல்லியாம். ஒரு மாசம் வாய மூடிகினு குந்துன்னாரு. அப்பால, வஞ்சிரம் கொயம்பு கீது. யார்னா வந்தா சாப்ட்டுட்டு போவட்டும்.”

சாலமோன் பையைத் தூக்கினார். பிறகு வரிசை, எண்ணூரிலிருந்து தொடங்கியது.

“எண்ணூர் ஸ்டேஷன். இப்ப இன்னாவோ ஓட்ச்சி, நான் ஒண்ணும் கேக்கல,” என்றார் மனோகரன். “ரொம்ப சந்தோஷம் ஓ.எம். செவன்டி த்ரீ.”

“திருவொற்றியூர். நானும் எதுவும் கேக்கல. மத்தியானம் வரேன், கொழம்பு மீதி வெக்கச் சொல்லுங்க.”

டோல்கேட்டுக்கும் எதுவும் கேட்கவில்லை. காசிமேட்டுக்கும் கேட்கவில்லை, ஆனால் அங்கே யாரோ கை தட்டினார்கள். கடைசியாக முபாஷிர்.

“இராயபுரம். மைக் மாட்ற அந்த ஆணிய மட்டும் அடிச்சிடாத மாமு. செவன்டி த்ரீ.”

இப்போது முறை சாலமோனுடையது. பழக்கத்தில் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார். மனைவி விரலை நீட்டி எச்சரித்ததும் நிறுத்தினார். பிறகு கட்டைவிரலால் பொத்தானை இருமுறை அழுத்தினார்.

டிக், டிக்.

எண்ணூரிலிருந்து உடனே மனோகரனின் குரல் வந்தது. “ஓ.எம்., வாயி இன்னாத்துக்கு கீது?”