மூன்றாவது பாட்டின் வேகம்

ஹெவி மெட்டல் பாட்டு விஷயத்தில் மட்டக்களப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பல வருடங்களாக நானே சொல்லித் திரிந்தேன். அதைக் கேட்கிற இன்னொருவர் அகப்படாததால் மறுத்துப் பேசவும் யாரும் இருக்கவில்லை. போன மாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர், சின்ன வயதில் நான் கசெட்டில் கேட்ட, மண்டையோட்டு அட்டை போட்ட பழைய இசை அல்பமொன்றின் தரத்தைப் பற்றிப் பேச வரும்படி கூப்பிட்டார்கள். என் மானமே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்று எண்ணி, புதுச் சேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, மாமியின் மகனான மச்சானின் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன்.

பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. மூன்றாவது பாட்டுத்தான் அல்பத்தின் உயிர் என்றேன். வேகமாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, பாடகனின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கும், சாவை இப்படி வேறு யாரும் பாடியதில்லை என்றேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண்பிள்ளை எழுந்து, "சேர், அப்பிடி ஒரு இடமும் அதில இல்லையே," என்று போனில் போட்டுக் காட்டினாள். பாட்டு தொடங்கிய வேகத்திலேயே ஓடி முடிந்தது. குரலும் கீச்சென்று இருந்தது. இது கள்ளக் கொப்பி என்று அடித்துச் சொன்னேன்.

பின்வரிசையில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த மச்சானுக்குப் புரையேறியது.

"கொப்பியில பிழையில்லடா. சண்டைக் காலத்தில நம்மட வாகரையில கரண்டு ஏது, பற்றரி ஏது? சைக்கிளைக் கவிட்டு வெச்சு, டைனமோவில வயரைக் குடுத்து, பெடலைக் கையால சுத்தித்தானே உனக்குக் கசெட் போட்டன்? மூணாவது பாட்டு வரக்குள்ள கை ஓஞ்சு, பாட்டும் இழுபடும். பொறகு மத்தக் கைய மாத்துவன்."

பாடகனின் மேதைமை என்று நான் இத்தனை காலம் மெய்சிலிர்த்ததெல்லாம் மச்சானின் தோள்மூட்டு வலி. பூமி பிளந்து விழுங்கினால் நல்லது என்றிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. இரண்டிலும் மச்சான் கையால் சுற்றிய எங்கள் பாட்டுத்தான் திறம் என்று தீர்ப்புச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டி, எனக்கென்று வைத்திருந்த பொன்னாடையைக் கொண்டுவந்து மச்சானுக்குப் போர்த்தினார்கள்.

திரும்பும் வழியில் செங்கலடிச் சந்தியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். அங்கேயும் அவன் பொன்னாடையைக் கழற்றவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"கை நொந்தா நிப்பாட்டியிரிக்கலாமே. உனக்கும் அந்தப் பாட்டில அவ்வளவு பைத்தியமா?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்தக் கத்தல் அறவே புடிக்காது," என்றான். "நீ கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தாய். எப்பிடிடா நிப்பாட்டுற?"