மகளிடம் சொல்லாதவர்

அமெரிக்காவில் காப்பெல் என்ற ஊரில் மகள் வீட்டுக்கு வந்திருந்த அந்தப் பெரியவர் எனக்குப் பூங்காவில் பழக்கமானவர். மப்ளரும் வெள்ளை ஷூவுமாக, கழிப்பறையை விட்டுத் தள்ளிப் போகாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி நடப்பார்.

ஒரு காலை பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"அங்கிள், என்னாச்சு?"

"ராத்திரியிலேருந்து ஒரு சொட்டு யூரின் போகல தம்பி."

அடிவயிறு உப்பியிருந்தது. பதறிப்போய் அவரைக் காரில் ஏற்றி எமர்ஜென்சிக்கு ஓட்டினேன். குழாய் வைத்ததும் பை நிறைந்துகொண்டே போனது.

டாக்டரும் தமிழர்தான். "எரிச்சல், காய்ச்சல் இல்ல, இன்ஃபெக்ஷனும் இல்ல. சுகர் நார்மல். ப்ராஸ்டேட் பெருசாகியிருக்கு. புதுசா ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"மூக்கடைப்புக்கு, வீட்ல இருந்ததை எடுத்துப் போட்டேன்."

"அதுதான் மொத்தமா அடைச்சிடுச்சு. ப்ராஸ்டேட் பிரச்னை உள்ளவங்க அதை டாக்டரைக் கேட்காம போடக்கூடாது. முன்னாடியே கஷ்டம் இருந்துச்சா?"

"ரெண்டு மூணு வருஷமா முக்கி முக்கித்தான் போறேன். பொண்ணுகிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றது?"

அந்த மகள் கதவருகில்தான் நின்றிருந்தாள். மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட். போன் கிடைத்ததும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"என்கிட்டயாப்பா சொல்லல?" என்றாள். "தினம் கடையில, இந்த மாத்திரையைக் கேட்காம போடாதீங்கன்னுதானே ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருக்கேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பூங்காவில் பார்த்துப் பழகிய என்னிடம் வந்த வார்த்தை, பெற்ற மகளிடம் ஏன் வரவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.