ஏழு சட்ட மாணவர்கள், ஒரே ஓர் உதவித்தொகை

உதவித்தொகை விண்ணப்பங்களை மதிப்பிடுவது, பிறர் வீட்டுப் பந்தியில் பரிமாறிவிட்டுப் பசியோடு வீடு திரும்புவதைப் போன்ற வேலை. தேர்வுக் குழுக்களில் அமர்ந்து முதுகு நொந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஏற்காட்டில் ஒரு சிறிய அறக்கட்டளை இருக்கிறது. வசதியில்லாத, சட்டத்தின் ஏதேனும் ஒரு தனித்துறையில் நாட்டம் கொண்ட மலைப்பகுதி மாணவர் ஒருவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து, படிப்பு முடியும்வரை அது செலவை ஏற்கிறது. தேர்ந்தெடுப்போர் இருவர்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியையான நான்; காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற பழனிசாமி.

இரவல் சங்கிலி

இவ்வாண்டு வந்த எழுவரில் செல்வி ஒருத்தி. செம்மநத்தத்துக்கு அருகே, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள்; சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்திருந்தாள். நேர்காணலுக்குத் தாயும் மகளும் பட்டுடுத்தி வந்தனர். தாயின் கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி மின்னியது. 'பொருளாதாரத் தேவை' என்ற கட்டத்தில் மதிப்பெண்ணைக் குறைக்க என் பேனா மகிழ்ச்சியோடு இறங்கியதை ஒப்புக்கொள்கிறேன்.

பழனிசாமி குறுக்கிட்டார். லைன் வீட்டில் ஒருவர் அதிகாரிகள் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தால், அந்த வரிசையே தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனுப்புமாம்; பட்டும் அப்படித்தானாம். உதவி கேட்டு வருமிடத்தில் இந்த ஆடம்பரம் எதற்கு என்று தாயிடம் கேட்டேன். அவர் சங்கிலியைத் தொட்டபடி நிமிர்ந்து சொன்னார்:

"ஏழைன்னு சொல்லத்தானுங்க வந்தோம், நாதியத்தவங்கன்னு சொல்ல வரலீங்களே!"

எனக்குத் தெரியாத சட்டம்

விண்ணப்பத்தோடு, தாம் விரும்பும் சட்டத்துறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். எழுவரில் ஐவர் இணையக் குற்றச் சட்டத்தின்மீது ஒரே சொற்களில் காதல் கொண்டிருந்தனர். பேருந்து நிலையத்தருகே உள்ள கம்ப்யூட்டர் சென்டர்காரர் ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றி அச்சிட்டிருந்தார். செல்வியோ கையால் எழுதியிருந்தாள். ஓய்வு பெறும் நாளில் தோட்டத் தொழிலாளி லைன் வீட்டையும் இழக்கிறாரே, அவருக்குச் சட்டம் என்ன தருகிறது என்பதே அவளது பொருள். ஒரு வரியைக்கூட வெட்ட இயலவில்லை. அதுவே என்னைச் சுட்டது.

என் இளமையில் எனக்கும் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பெண்பிள்ளை பாடம் நடத்தினால் போதும் என்று என் தந்தை தீர்ப்பளித்தார்; மேல்முறையீடு இல்லை. ஆயினும் சட்ட நூல்களைப் படிப்பதை நான் விடவில்லை. அவளை மடக்கும் எண்ணத்தோடு தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் ஒரு பிரிவைச் சொல்லி விளக்கம் கேட்டேன். அவள் கூசியவாறே சொன்னாள்:

"நீங்க படிச்சது பழைய சட்டமுங்க டீச்சர். இப்ப அதையெல்லாம் புதுத் தொகுப்புல சேர்த்துட்டாங்க."

பேத்தியின் அழைப்பு

என் பேத்தி நித்யாவும் சட்டம் படிக்கிறாள். அவள் தந்தையின் வருமானம் அவளை இந்த உதவித்தொகையின் பக்கமே அண்டவிடாது. வசதியிருப்பது ஒரு குறையாக என் குடும்பத்தில் இவ்வாண்டுதான் முதன்முதலாகத் தோன்றியது. பெரிய நிறுவனம் எதற்கேனும் ஆலோசகராவது அவள் எண்ணம். எந்தச் சட்டமாயினும் அவளுக்கு ஒன்றுதான்.

நேர்காணல் முடிந்த மறுநாள் தொலைபேசியில் அழைத்தாள். செல்வி அவளுடைய வகுப்பாம். அந்தப் பெண் உன்னைவிடக் கெட்டிக்காரியா என்று கேட்டேன். மறுப்பாள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு வந்த பதில் இது:

"இது கிடைக்கலைன்னா அவ படிப்பை நிறுத்திட்டு எஸ்டேட் வேலைக்குப் போயிடுவா பாட்டி. அப்புறம் நான் யாரு நோட்ஸைப் படிச்சுப் பாஸ் பண்றது?"

திருத்தத்துக்குக் காரணம்

இறுதிப் பட்டியலிட அமர்ந்தோம். சட்ட நாட்டத்துக்கு நான் செல்விக்குப் பத்துக்கு நான்கு போட்டிருந்தேன். அச்சிட்ட கட்டுரையைக் கொண்டுவந்த ஐவரில் ஒருவனான, ஒரு சிறு ஹோட்டல்காரரின் மகனுக்கு ஆறு. கூட்டிப் பார்த்தால் அவனே முதலிடத்தில் நின்றான். பழனிசாமி இரு தாள்களையும் அருகருகே வைத்தார். "ஏனுங்க டீச்சர், கம்ப்யூட்டர் சென்டர்காரருக்கு ஆறு, செல்விக் கண்ணுக்கு நாலுங்களா?" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எதிர்த்து வாதாடியிருப்பேன்.

பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளை வைதிருக்கிறேன், வெளியே நிறுத்தியிருக்கிறேன். பொய் மதிப்பெண் மட்டும் போட்டதில்லை. நான்கை அடித்து ஒன்பது என்று எழுதினேன். அறக்கட்டளையின் விதிப்படி, திருத்திய மதிப்பெண்ணுக்கு அருகில் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். 'கூட்டல் பிழை' என்று எழுதலாமே என்று பழனிசாமி வழிகாட்டினார். கணக்கில் பிழை செய்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். 'முதல் மதிப்பெண் பொறாமையால் இடப்பட்டது' என்று எழுதி, முழுப் பெயரில் கையொப்பமிட்டேன். செல்வி முதலிடத்துக்கு வந்தாள். பழனிசாமி அந்தத் தாளை இருமுறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்:

"நல்லதுங்க டீச்சர். ஆனா இதையும் ஃபைல்ல வெக்கோணுங்களா?"

வைத்தாயிற்று, உதவித்தொகை இன்னும் மூன்றாண்டுகளில் முடிந்துவிடும், என் பொறாமைக்கு அறக்கட்டளை காலவரம்பு எதையும் விதிக்கவில்லை.