செவ்வாய்க்கிழமை வாத்தியக்காரர்கள்

கடலோர ஊரான அனோமாபுவில் அராபா எஷுன் ஓர் இசைச் சங்கம் தொடங்கியதற்குக் காரணம் கோபம்தான்.

அவளுடைய தம்பி எபோ டிரம்பெட் வாசிப்பவன். தகோராடி நகரத்தில் ஒரு குழுவில் இருந்தான். காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கூட வாசித்த நான்கு பேர் வாத்தியங்களோடு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பந்தலிலோ, ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் யூஃபியின் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்காக நின்றன. பதிவுப் பாட்டு காதைக் கிழித்தது.

"கொஞ்ச நேரம் நிறுத்துப்பா. இவங்க ஒரே ஒரு பாட்டு வாசிச்சுக்கட்டும்" என்று அராபா போய்க் கேட்டாள்.

"பெரியவர்தான் சாயங்காலம் வரைக்கும் வாடகை பேசியிருக்கார் சிஸ்டர். அவர் சொல்லட்டும், நிறுத்துறேன்" என்றான் யூஃபி.

குடும்பத்துப் பெரியவரைக் கூட்டத்தில் தேடிப் பிடிப்பதற்குள் சவப்பெட்டி கிளம்பிவிட்டது. நான்கு பேரும் வாத்தியங்களை உறையிலிருந்து எடுக்காமலே பின்னால் நடந்தார்கள்.

அராபாவுக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளி விடுதியின் சமையற்கட்டு அவள் பொறுப்பு. புருஷன் பிழைக்க அபிஜான் நகரத்துக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாயிற்று. இனிமேல் காலை நீட்டி உட்காரலாம் என்று இருந்தவள், தம்பி அடக்கமாகி ஒரு மாதத்தில் ஊரைக் கூட்டினாள். லாபம் பார்க்காத சங்கம். ஊரில் வாசிக்கிறவர்களுக்கு ஓர் இடம், நல்ல வாத்தியம், வாசித்தால் கூலி. கேட்க வருகிறவர்களுக்கு எல்லாம் இலவசம். வந்தவர்கள் கைதட்டினார்கள். தலைவராக ஐந்தாறு பேர் முன்வந்தார்கள். செயலாளர் என்றதும் எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வந்தது. அராபாவே செயலாளர் ஆனாள்.

ஊர் வழக்கப்படி செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று மீன் ஏலக் கொட்டகை காலியாக இருக்கும். அங்கே பிற்பகலில் வாசிப்பது என்று முடிவாயிற்று. முதல் செவ்வாய்க்கிழமை ஊரே வந்தது. மீனவர்கள் மனைவிமாரோடு ஆடினார்கள். கிதார்க்காரர் அமிஸா ஒரே பாட்டை மூன்று முறை வாசிக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு வாரம் அராபா நடந்த நடையே வேறாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கியது. பள்ளியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் கொட்டகைக்கு ஓடி மீன் செதிலைக் கழுவிவிட வேண்டும். ஜெனரேட்டருக்கு பெட்ரோல் வாங்க வேண்டும். டிரம்ஸ் வாசிக்கும் பைடூவைக் கள்ளுக்கடையிலிருந்து கிளப்பிக்கொண்டு வர வேண்டும். மேடையில் அவனை முன்னால் நிறுத்தினால் அமிஸா முறைப்பார். அமிஸாவை முன்னால் நிறுத்தினால் அவன் முறைப்பான். மழை பெய்தால் ஆள் வராது. நல்ல பந்தாட்டம் டிவியில் இருந்தாலும் வராது. தலைவர் மேடையில் பேச மட்டும் தவறாமல் வருவார். இரண்டாம் ஆண்டில் பைடூ ஒரு ஜெபச் சபையில் வாசிக்கப் போய்விட்டான்.

"அங்க மாசாமாசம் சம்பளம் ஆன்ட்டி. சாப்பாடும் போடுறாங்க. உங்க சங்கத்துல திட்டுதான் ஒழுங்கா கிடைச்சுது."

அராபாவுக்குச் சிரிப்புதான் வந்தது. திட்டக்கூடத் தெம்பில்லை.

யூஃபிக்கு இதெல்லாம் கொண்டாட்டம். கொட்டகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, "என்ன சிஸ்டர், இன்னைக்கு வாத்தியக்காரங்க அதிகமா, கேக்க வந்தவங்க அதிகமா?" என்பான்.

"நீ நிக்கிறியே, உன்னையும் சேத்தா சரிக்குச் சரி" என்பாள் அராபா.

மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. சங்கத்தின் சாவியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது என்று முடிவு செய்திருந்த அன்றைக்குத்தான் யூஃபி வீட்டுக்கு வந்தான். கறுப்புத் துணி உடுத்தியிருந்தான். வாசலில் நின்றவன் உள்ளே வரவில்லை.

"அம்மா போயிட்டாங்க சிஸ்டர்."

அவள் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

"சனிக்கிழமை அடக்கம். உங்க ஆளுங்க வந்து வாசிக்கணும்."

"உன் வீட்டுலயே மலையாட்டம் பெட்டி அடுக்கி வச்சிருக்கியேப்பா."

"அது என் தொழில் சிஸ்டர். இது என் அம்மா."

அவன் போனபின் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எபோவின் முகம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். கடைசியில் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு அமிஸாவின் வீட்டுக்கு நடந்தாள்.

"அவனுக்கா? என்னைப் பாத்து 'பிச்சைக்காரக் கிதாரு'ன்னு சொன்னவனுக்கா?" என்று குதித்தார் அமிஸா.

"சொன்னது அவன். செத்தது அவன் அம்மா. அந்தம்மா உங்களை என்ன சொன்னாங்க?"

அமிஸா யோசித்தார். "ஒருதரம் பொரிச்ச மீன் கொடுத்தாங்க" என்றார் வேண்டாவெறுப்பாக.

பைடூவைப் பிடிக்கச் சபை வாசலில் காத்திருந்தாள். தகோராடிக்கு ஃபோன் போட்டாள். எபோவின் நண்பர்களில் இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை யூஃபியே ஒயர் இழுத்து, மைக் வைத்து, ஒவ்வொரு வாத்தியமாகச் சத்தம் சரிபார்த்தான். அழுதுகொண்டே சரிபார்த்தான். சங்கத்தின் ஓட்டைப் பெட்டியில் கரகரத்துக்கொண்டிருந்த அமிஸாவின் கிதார் அன்றைக்குத் தண்ணீர் மாதிரி கேட்டது. கிழவிகள் வெள்ளைக் கைக்குட்டையை வீசிக்கொண்டு ஆட எழுந்தார்கள்.

அராபா அதைப் பார்க்கவில்லை. சமையற்காரி வரவில்லை என்று அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அண்டாவில் சோறு கிண்டிக்கொண்டிருந்தபோது எபோவின் நண்பன் வாசித்த டிரம்பெட் எழுந்தது. கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். பாட்டு முடியும்வரை அசையவில்லை. இத்தனை வருடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைத்தவள், அன்று சோற்றை அடிபிடிக்க விட்டாள்.

"என்ன அக்கா, கருக்கிட்டீங்களே! ஊருக்கே நாத்தம் அடிக்குது" என்று யூஃபியின் சித்தி சத்தம் போட்டாள்.

"மேலாப்புல எடுத்துப் போடுங்க, தெரியாது" என்றாள் அராபா.

அதன்பின் செவ்வாய்க்கிழமைகளில் யூஃபி தன் பெட்டிகளைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். பைடூ சபையை விடாமல் செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் திரும்பி வந்தான். கேட்க வந்தவர்களும் கொஞ்சம் கூடினார்கள். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. அமிஸாவும் பைடூவும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். மழைக்கு ஆள் வருவதில்லை. சில வாரம் வாசிப்பு உண்டு, சில வாரம் இல்லை.

அடுத்த ஆண்டு அராபா நிஜமாகவே விலகினாள். பெரிய பிரிவுபசாரம் எதுவும் இல்லை. சாவியை வாங்க ஆள் இல்லாமல் அது மேசைமேல் கிடந்தது. கடைசியில் யூஃபி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"நானே செயலாளரா? ஊரு சிரிக்கும் சிஸ்டர்."

"சிரிக்கட்டும். செதிலைக் கழுவினியான்னு மட்டும் பாரு. பாட்டுக்காரன் வழுக்கி விழுந்தா உன் பாடு."

வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்தாள். பாதியில் யூஃபியிடமிருந்து ஃபோன் வந்தது, ஜெனரேட்டருக்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்று கேட்டு. சொல்லிவிட்டு, ஃபோனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்துவிட்டாள்.