ஒரிஜினல் வாய்ஸ்

எங்கள் மெட்டல் பேண்டின் முதல் பாடகன் துபாயிலிருந்து திரும்பியதும், அவன் இடத்தில் ஏழு வருடம் தொண்டை கிழியக் கத்தியவனைக் கழற்றிவிட்டோம். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நான்தான் சொன்னேன், ஒரு டீ கூட வாங்கித் தராமல்.

திரும்பி வந்த மகராசன் சிட்லபாக்கம் ஸ்டுடியோவில் நான்கு வரி கத்திவிட்டு வெந்நீர் கேட்டான். அதனால், கழற்றிவிட்டவன் புதுப் பாட்டுகளுக்கு மாதிரியாக முன்பே பாடி வைத்திருந்த குரலையே வெட்கமில்லாமல் ஆல்பம் முழுக்க வைத்தோம். போஸ்டரில் மகராசன் முகம்.

“இதான்டா ஒரிஜினல் வாய்ஸ், நடுவுல வந்தவன் வெறும் டூப்பு” என்று ஆல்பம் வெளியான அன்றே ரசிகர்கள் கமெண்ட்டில் கொண்டாடினார்கள்.

மறுநாள் கழற்றிவிட்டவன் போன் செய்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

“என் குரல்தான்னு தெரியும் மச்சான். ஏழு வருஷம் நேர்ல நின்னு கத்துனேனே, அப்போ ஒருத்தன்கூட இப்படிச் சொல்லலையேடா?”